டேம்பரை எப்போது மூடலாம்? சாம்பல் ஆறிய பிறகு மட்டும்

சுங்குவார்சத்திரத்தில் வீடுகளில் குளிர்காயும் கணப்பு அடுப்பு கிடையாது. ஆனால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பசங்க தொடர் விடுமுறை வந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பழைய பங்களாக்களில் கணப்பு உண்டு. அதன் புகைபோக்கியைத் திறந்து மூடும் இரும்புத் தகடுதான் டேம்பர்.

விதி எளிது. தீ மூட்டும் முன்பே டேம்பரை முழுசாகத் திறக்க வேண்டும். கங்கு அணைந்து சாம்பல் ஆறும்வரை மூடக் கூடாது. ராத்திரி மூட்டிய தீ என்றால் மறுநாள்தான் மூட வேண்டும். தீ இல்லாத நாட்களில் மூடி வைத்தால் அறையின் சூடு வெளியே போகாது.

தவறு நடப்பது நடுவில். சுவாலை அடங்கியதும், "தீதான் அணைஞ்சிடுச்சே, மூடிட்டுப் படுப்போம்" என்று தோன்றும். புகையில்லாத செங்கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். இதில் அந்த எச்சரிக்கையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கும் விடுதியில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். புகைபோக்கியே இல்லாத அறையில் கரி மூட்டுவதும், டேம்பரை மூடிவிட்டுத் தூங்குவதும் ஒன்றுதான்.

தொழிற்சாலை பாய்லர்களில் இந்த விஷயம் மனித ஞாபகத்துக்கு விடப்படுவதில்லை. பர்னரைப் பற்றவைக்கும் முன் காற்றைச் செலுத்தி, உள்ளே தங்கிய வாயுவை வெளியேற்றுவார்கள். காற்றோட்டம் இல்லையென்றால் பர்னர் பற்றாதபடி இன்டர்லாக் வைத்திருப்பார்கள். எந்திரத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு; வாடகை கொடுத்துத் தூங்குகிற மனிதருக்கு மட்டும் "பாத்துக்கோங்க தம்பி" என்ற ஒரு வார்த்தை போதுமா?

போதாது. கணப்பு உள்ள விடுதிகளில் டேம்பர் முழுசாக மூடாதபடி கிளாம்ப் போட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டும். கணப்பு இல்லாத அறைக்குள் கரி அடுப்பு கொடுக்கவே கூடாது.

இதே பொறுப்பு சுங்குவார்சத்திரம் பக்கம் அறை வாடகைக்கு விடுவோருக்கும் உண்டு. ஒரே அறையில் ஒரு ஷிஃப்ட் ஆள் தூங்க, இன்னொருவர் மூலையில் சமைப்பார். கொசு வருது என்று ஜன்னல் சாத்தியிருக்கும். அடுப்பில் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்தால் எரிவது சரியில்லை என்று அர்த்தம். கூரையை ஒட்டி, கொசுவலை அடித்த, யாராலும் மூட முடியாத ஒரு வென்டிலேட்டர் வைக்க பெரிய செலவாகாது. வாடகை வாங்குகிறவர்தான் அதை வைத்துத் தர வேண்டும்.

அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகித்து நேரம் கடத்தாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.