பூட்டில் இருக்கிறது நாணயம்



நம் கடைகளில் கத்தி என்பது சாக்குத் தையலை அறுக்கவும் அட்டைப் பெட்டியைப் பிரிக்கவும்தான். ஐம்பது ரூபாய்க்கு மேல் அதற்குச் செலவிட நமக்கு மனம் வராது. ஆனால் அமெரிக்காவில் ஒரு மடக்குக் கத்தி 400 டாலருக்கு மேல் விலை போகிறது. கார் நிறுத்தும் கொட்டகையில் மில்லிங் மிஷின் போட்டுத் தனி ஆளாக இத்தகைய கத்தி செய்து விற்பவர்களும் அங்கே உண்டு. மலிவுக் கத்திகள் குவிந்து கிடக்கும் சந்தையில் இவர்கள் எப்படி நிலைக்கிறார்கள்? சிறு வணிகர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

இவ்வகைக் கத்தியைப் பிரபலமாக்கியவர் கிறிஸ் ரீவ். தென்னாப்பிரிக்காவில் தொழிலைத் தொடங்கி, 1989-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குடியேறியவர். அவருடைய கத்தியின் பெயர் 'செபென்சா'. ஜூலு மொழியில் அதற்கு வேலை என்று பொருள். இதில் கைப்பிடித் தகடே பூட்டு. டைட்டானியம் தகட்டில் நீளவாக்கில் கீறி ஒரு பட்டையைப் பிரிக்கிறார்கள். பட்டையின் அடியில் ஓரிடத்தைச் சுமார் 1 மில்லிமீட்டர் கனத்துக்குச் செதுக்கி, உள்நோக்கி வளைக்கிறார்கள். கத்தியை விரித்ததும் பட்டை ஸ்பிரிங் போல உள்ளே வந்து அலகின் பின்புறத்தைத் தாங்கும். கை இறுகப் பிடித்தால் பூட்டும் இறுகும்.

சொல்வது எளிது, செய்வது கடினம். டைட்டானியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் சூட்டை எளிதில் கடத்தாது. வெட்டும்போது உண்டாகும் சூடு கட்டரின் முனையிலேயே தங்கி அதை மழுங்கடிக்கும். வேகத்தைக் குறைத்து, கூரான கட்டர் போட்டு, கூலன்ட் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். கட்டரில் மிச்சம் பிடிக்க நினைத்தால் விலையுயர்ந்த தகடு வீணாகும். பொடித் துருவல் தீப்பிடிக்கவும் கூடும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும். உலர்ந்த மணல்தான் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பூட்டும் அலகும் சந்திக்கும் முகம். அதன் அகலம் சில மில்லிமீட்டர், சாய்வு சுமார் 8 டிகிரி. சாய்வு கூடினால் பூட்டு நழுவி விரலை அறுக்கும், குறைந்தால் சிக்கிக்கொள்ளும். வாங்குபவரால் இதை அளக்க முடியாது. பளபளப்பைத்தான் பார்க்க முடியும். ஆகவே அவர் கொடுக்கும் விலை, செய்தவரின் மனச்சாட்சிக்குக் கொடுக்கும் விலை. ரீவின் நிறுவனமோ கத்தியைக் கழற்றிப் பார்க்கும் சாவியையும் சேர்த்தே கொடுக்கிறது. பழுது பார்க்கவும் சாணை பிடிக்கவும் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

"விலையைக் குறைத்தால்தான் பிழைக்கலாம்" என்பார்கள் சிலர். துவரம்பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினாலும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்பது உண்மையே. ஆனால் தள்ளுபடிப் போட்டியில் பெரு முதலாளியை நாம் வெல்ல முடியாது. மூட்டையின் வாயில் இருக்கும் சரக்கே அடியிலும் இருக்கிறது என்ற நம்பிக்கையை நாம் கொடுக்க முடியும்.

மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு இதில் பொறுப்பு அதிகம். மூட்டையைப் பிரித்துக் காட்டுவோம். சரக்கு சரியில்லை என்று சில்லறைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வோம். அந்தச் செலவு நஷ்டக் கணக்கு அல்ல, முதல் கணக்கு.