விடையோடு வழியையும் அச்சிடுங்கள்

குறுக்கெழுத்துப் போட்டிக்கு மறுநாள் விடை வெளியிடுவது நாளிதழ்களின் பழைய வழக்கம். "வருத்தம்" என்று குறிப்பு கொடுத்து மூன்று கட்டங்களை விட்டிருக்கும் சாதாரணப் போட்டிக்கு அது போதும். கிரிப்டிக் குறுக்கெழுத்தின் கதை வேறு. அதன் குறிப்பு மேலோட்டமாகப் படித்தால் ஒரு வாக்கியம். எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ஒரு செய்முறை. அப்படிப்பட்ட புதிருக்கு விடையை மட்டும் அச்சிட்டு, அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், வாசகருக்குச் சேர வேண்டியதில் பாதிதான் சேருகிறது. கிரிப்டிக் புதிரை வெளியிடும் எந்த இதழும், ஆங்கிலமோ தமிழோ, மறுநாள் விளக்கத்தையும் வெளியிட வேண்டும்.

ஒரு குறிப்பைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். "கள்வன் தலைக்குப் பின்னே வலை, மனத்தில் வருத்தம் (3)." படித்ததும் திருடனைத் துரத்தும் காட்சிதான் மனத்தில் எழும். புதிர் கேட்பது அதையல்ல. கள்வன் என்ற சொல்லின் தலை, அதாவது முதல் எழுத்து, "க". அதன் பின்னே "வலை" அப்படியே வருகிறது. சேர்த்தால் கவலை. கடைசியில் நிற்கும் "மனத்தில் வருத்தம்" விடையின் நேர்ப்பொருள். இந்த அமைப்பு பிடிபடாத வாசகர், நேர்ப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு "வேதனை" என்று நிரப்பியிருக்கலாம். அதுவும் மூன்றெழுத்து, அதுவும் மன வருத்தம்தான். மறுநாள் "கவலை" என்று கண்டதும், என் விடையில் என்ன தப்பு என்று கேட்பார்; நியாயமான கேள்வி. பதில் குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. வேதனை என்று எழுதக் கள்வனும் வேண்டாம், வலையும் வேண்டாம். சாதாரணக் குறுக்கெழுத்தில் இந்த ஐயத்தைக் குறுக்கே வரும் சொற்கள்தான் தீர்க்க வேண்டும். கிரிப்டிக் குறிப்போ தன் விடைக்குத் தானே சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை வாசகர் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது என்ன முறை?

இந்தக் கலை வளர்ந்த இங்கிலாந்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ். அபாரக் கற்பனை அவருடையது. ஆனால் குறிப்பு எந்த வழியில் விடைக்குக் கொண்டுபோகும் என்பதற்குத் திட்டமான வரையறை அப்போது உருவாகியிருக்கவில்லை. 1939-இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் கிரேக்க, லத்தீன் மொழி ஆசிரியரான டி. எஸ். மக்நட். ஸிமெனீஸ் என்பது அவர் புனைபெயர். துல்லியமான ஒரு பொருள், நேர்மையான ஒரு சொல்விளையாட்டு, இரண்டுக்கும் மேல் எதுவும் கூடாது என்ற கட்டுப்பாட்டை அவர் நிலைநிறுத்தினார். 1966-இல் புத்தகமாகவும் எழுதினார். வாசகர்களையே குறிப்பு எழுதச் சொல்லிப் போட்டி வைத்து, பரிசு பெற்ற குறிப்பு ஏன் சிறந்தது, மற்றவை எங்கே சறுக்கின என்று தாளில் அச்சிட்டு அனுப்பியதும் அவர்தான். 1972-இல் அவருக்குப் பின் வந்த அஸெட்டும் அதைத் தொடர்ந்தார். மூன்று பெயர்களும் ஸ்பெயினின் மத விசாரணைத் தலைவர்களுடையவை. அஸெட் என்பது டேஸாவைத் திருப்பிப் போட்டது. கொடுமைக்குப் பேர்போன பெயர்களுக்குள்தான் வாசகரிடம் நேர்மையாக நடக்கும் விதிகள் உருவாயின. விளக்கிக் காட்டும் பழக்கம் இல்லாமல் அவை இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நாளை காரணம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர் இன்று ஒரு சொல்லையும் வீணாகப் போடமாட்டார்.

இதெல்லாம் ஆங்கிலத்துக்குச் சரி, தமிழ் எழுத்துமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். உயிரும் மெய்யும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுவதால் எழுத்துகளைக் கலைத்துப் போட ஆங்கிலத்தில் உள்ள அளவு வாய்ப்பு தமிழில் இல்லை என்பது உண்மை. குறைவு என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. "மன்னன் தலையில் தகரம் உருமாறினால் பச்சைக்கல் (5)." மன்னன் தலை "ம", தகரம் கலைந்தால் "ரகதம்", இரண்டும் சேர்ந்தால் மரகதம். நம் வார இதழ்ப் போட்டிகளில் "திரும்பியுள்ளது", "குழம்பியுள்ளது" என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஓரடி தூரம்தான். மரபிலும் இதற்கு இடம் உண்டு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில், எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பொருளை மாற்றும் எழுத்து வருத்தனம் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்துவைக்கும் கரந்துறைச் செய்யுள் இருக்கிறது. "முதன்முதலாக விதைத்ததில் ஒளிந்திருக்கும் பாடல் (3)" என்ற குறிப்பில் கவிதையைத் தேடுபவர் செய்வது அதன் எளிய வடிவமே. திருப்பிப் படித்தாலும் அப்படியே வரும் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை உரையில்லாமல் படித்துப் பொருள் காண்பவர் எத்தனை பேர்? உரை எழுதியதால் அதன் அருமை குறைந்துவிட்டதா?

விளக்கிவிட்டால் சுவை போய்விடும் என்ற வாதத்துக்கும் இதுவே என் பதில். முயன்று பார்க்க ஒரு நாள் முழுதும் இருக்கிறது. விளக்கம் வருவது அதற்குப் பிறகு. தானே கண்டுபிடித்தவருக்கு அதனால் இழப்பில்லை, தன் வழி சரிதானா என்று ஒத்துப்பார்த்துக்கொள்வார். தோற்றவருக்கோ அடுத்த புதிரில் இறங்க அதுதான் பிடிமானம். புதிதாக வருபவர் விலகிப்போவது பெரும்பாலும் புதிர் கடினம் என்பதால் அல்ல. விடையைப் பார்த்தபிறகும் ஏன் என்று புரியாததால். அவருக்குக் கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டு, இளைஞர்கள் இதில் நாட்டம் காட்டுவதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

மிஞ்சுவது இடப் பிரச்சினை. முப்பது குறிப்புகளுக்கும் விளக்கம் எழுத இதழில் இடமிருக்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் தேவையுமில்லை. கடினமான ஐந்தாறு குறிப்புகளுக்கு, குறிப்புக்கு ஒரு வரியாக, விடைக்கட்டத்தின் கீழே சிறிய எழுத்தில் கொடுத்தால் போதும். அந்த வரிகளைப் புதிரோடு சேர்த்தே அமைப்பவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும். எந்தக் குறிப்புக்கு வழி சொல்ல அவரே தடுமாறுகிறாரோ, அதை அச்சுக்குப் போகும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம்.