மேடை இருளும் 40 வினாடிகள்



ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி ஆண்டுதோறும் நடத்தும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1956-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு அது தொடங்கியது. 2023-இல் உக்ரைனின் சார்பில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் அதை ஏற்று நடத்தியபோது 37 நாடுகள் பங்கேற்றன; இறுதி இரவில் மட்டும் 26 பாடல்கள். நேரலை தொடங்கும் வேளை நமக்கு நள்ளிரவு 12.30. ஆகையால் நம்மில் பலர் அதைக் கண்டதில்லை. கண்டவர்களும் மறுநாள் கைப்பேசியில் வென்றவரின் 3 நிமிடங்களை மட்டுமே கண்டிருப்பார்கள்.

அந்த 3 நிமிடங்களைக் காட்டிலும், ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையிலுள்ள நேரமே கவனிக்கத் தக்கது என்பது என் எண்ணம். பாடல் முடிந்தவுடன் திரையில் ஒரு குறும்படம் ஓடும். 'அஞ்சலட்டை' என்று அதற்குப் பெயர். சுமார் 40 வினாடிகள். நாம் நிலக்காட்சிகளை ரசித்துக்கொண்டிருக்கையில் மேடை இருளுகிறது. பணியாளர்கள் ஓடிவந்து, முன்னவர் விட்டுச்சென்ற பொருள்களை அகற்றி, தரையைத் துடைத்து, அடுத்தவருக்கு உரியவற்றை அதனதன் இடத்தில் நிறுத்தி, மறைந்துவிடுகிறார்கள். லிவர்பூலில் வென்ற ஸ்வீடன் பாடகி லோரீன், இரு பெரும் பலகைகளுக்கு நடுவே படுத்தபடி பாடத் தொடங்கினார். அவ்வளவு பெரிய அமைப்பும் இப்படிப்பட்ட ஓர் இடைவெளியில்தான் நிலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டாலும் நேரலை காத்திராது.

இந்த 40 வினாடிகளுக்குப் பின்னே பல நாள் உழைப்பு இருக்கிறது. கலைஞர்கள் வந்து சேருமுன்னே, போட்டியை நடத்தும் நாட்டின் இளம் பாடகர்கள் அவர்களுக்குப் பதிலாக மேடையில் நிற்கிறார்கள். பிறருடைய பாடலைக் கற்று, பிறர் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, அவர்கள் திரும்பவேண்டிய திசையில் திரும்புகிறார்கள். விளக்குகளும் கேமராக்களும் இவர்கள்மேல் அளவெடுத்துக்கொள்கின்றன. ஒளிபரப்பில் இவர்கள் முகம் ஒருமுறையும் வராது. அது தெரிந்தேதான் வருகிறார்கள். பின்னர் ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் முதல் ஒத்திகைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். பாடி முடித்ததும் தனி அறையில் அமர்ந்து, பதிவைப் பார்த்து, நிழல் விழும் இடத்தையும் கேமரா பிந்தும் கணத்தையும் குறித்துக் கொடுக்கிறார்கள்.

கடைசி வாரத்தில் இரண்டு அரையிறுதிகளும் ஓர் இறுதியும் நடக்கும். ஒவ்வொன்றையும் முந்தின நாள் மாலை ஒருமுறை, அன்று பிற்பகல் ஒருமுறை, இரவில் நேரலையாக ஒருமுறை, ஆக 9 முறை முழுமையாக நடத்துகிறார்கள். இறுதிச் சுற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் இடுவது நேரலையைக் கண்டு அன்று. முந்தின நாள் மாலை ஒத்திகையைக் கண்டு! இதை முதன்முதலில் அறிந்தபோது நான் வியந்துபோனேன். மக்கள் பார்ப்பதற்கு முன்பே ஏறத்தாழ பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 'ஒத்திகைதானே' என்று எந்தப் பாடகரும் குரலைச் சேமித்துவைக்க இயலாது.

அப்படியும் பிழைகள் நேரும். 2022-இல் இத்தாலியின் டூரின் நகரில், மேடையின் நடுவே 'சூரியன்' என்று அமைக்கப்பட்ட சுழலும் வளைவுகள் திட்டமிட்டபடி இயங்கவில்லை. அவற்றை நம்பிக் காட்சி அமைத்த நாடுகள், ஒத்திகை நாட்களிலேயே தங்கள் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

திரைக்குப் பின்னே இருப்பவர்களே உண்மையான நாயகர்கள் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. அப்புகழ்ச்சியில் எனக்கு நாட்டமில்லை. இருளில் படிகளைத் தள்ளிச் செல்பவருக்குத் தேவை கைத்தட்டல் அன்று, தமக்குக் குறித்த நேரம் குறையாமல் கிடைப்பது. அந்தப் போட்டியில் நான் மதிப்பது, ஒத்திகையின் நேரத்தை மேடையின் நேரத்துக்கு நிகராக அவர்கள் எண்ணுவதையே.

இதை எழுதும்போது ஒரு நினைவு என்னை உறுத்துகிறது. சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பாடல் ஆராதனைக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்கு ஒத்திகை என்று அறிவித்திருந்தோம். பாடகர் குழுவினர் வந்து சேர 8 மணி ஆயிற்று. நானும் பிந்தியே வந்தேன். மைக், ஒலிபெருக்கிகளைக் கவனித்துவந்த நம் சபைத் தம்பி 5 மணிமுதல் காத்திருந்தார். இரண்டு மைக்குகளைச் சோதிக்க நேரமில்லாமற்போயிற்று. மறுநாள் தனிப்பாடலின் நடுவே அவற்றில் ஒன்று அடங்கிப்போனது. சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. முன்னே நின்ற நானும் பார்த்தேன். அதன்பின் அவர் ஆராதனைக்குத் தவறாமல் வருகிறார். மைக் பக்கம் மட்டும் வருவதில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குச் சென்று, தவறு எங்களுடையது என்று சொன்னேன். "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்றார். அவர் வந்தாலும் வராவிட்டாலும், இவ்வாண்டு ஒத்திகை இரண்டு மாலைகள் நடைபெறும். எல்லா மைக்குகளையும் சோதித்து முடியும்வரை ஒருவரும் வீடு திரும்புவதில்லை. இரண்டு நாளும் 6 மணிக்கு. நான் 5.30-க்கே அங்கிருப்பேன்.