வாக்கு யாருடைய அமானிதம்?

பள்ளிவாசற் சொல்லும் வட்டாரப் பெருந்தலைகளின் கைவலிமையுமே முஸ்லிம் மக்களின் வாக்கை முடிவு செய்கின்றன என்று பதுளையிற் பலர் பேசக் கேட்கின்றேன். அப்பேச்சில் உண்மை சிறிதுண்டு, ஓரவஞ்சனை பெரிதுண்டு.

உண்மைக்குச் சான்று காத்தான்குடி. 2015 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், சஹ்ரான் ஹாஷிம் என்பவரின் கூட்டத்தார் வேட்பாளர்களுக்கு நிபந்தனை விதித்து ஒப்பந்தம் பெற்றனர். சில ஆயிரம் வாக்குகளை எண்ணி அரசியலாளர் இணங்கினர். 2019 உயிர்த்த ஞாயிறுப் படுகொலைக்குப் பின்னரே நாடு இதனை அறிந்து திடுக்கிட்டது. ஆயினும், அவரை முன்னரே எதிர்த்து நின்றோரும் அவ்வூர் முஸ்லிம்களே என்பதை மறத்தல் அறமன்று.

ஏனையோர் நிலை யாது? 1956 இல் பிக்குமார் ஊரூராய்ச் சென்று வாக்குக் கேட்டனர். 2004 இல் பிக்குமார் ஒன்பதின்மர் பாராளுமன்றம் புகுந்தனர். நம் தோட்டங்களிலோ, மாரியம்மன் முன் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கும் வழக்கம் உண்டு. பெரிய கங்காணி போனார். அவர் இருந்த இடத்திற் சங்கத் தலைவர் அமர்ந்தார். லயத்து மக்களின் வாக்கை மொத்தமாய் எண்ணிப் பேரம் பேசும் முறை மட்டும் போகவில்லை.

சமயப் பெரியாரும் குடிமக்கள் அல்லரோ, கருத்துரைக்கும் உரிமை அவர்க்கில்லையோ எனச் சிலர் வினவுவர். உரிமை உண்டு. அறிவுரை வேறு, அச்சுறுத்தல் வேறு. 1981 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தற் சட்டம் உடலுக்குத் தீங்கு செய்வதாக மிரட்டுவதை மட்டுமன்றி, ஆன்மிகத் தீங்கு நேரும் என மிரட்டுவதையும் தகாத செல்வாக்கென விலக்குகின்றது. வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்குக் கேட்டுப் பேசுதலும் அச்சட்டப்படி குற்றமே.

இஸ்லாமிய அறிஞர் பலர் வாக்கினை அமானிதம் என்பர். அமானிதம் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதனை அவர் பிறர்க்குக் கைமாற்ற இயலாது. இக்கருத்து எச்சமயத்தார்க்கும் பொருந்தும்.

மலையகத்தார் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். 1947 இல் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைத் தேர்ந்தெடுத்தது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. இழந்தவை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை படிப்படியாகவே மீண்டன. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாயிருந்த சட்டமும் 2018 இற்றான் திருத்தம் பெற்றது.

ஆகவே, இன்று தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் சபை உறுப்பினரைப் பொறுப்பாக்கலாம். சத்தியத்துக்குக் கட்டுண்டு வாக்களித்தவர் அக்கேள்வியைக் கேட்கத் துணியார். ஆசிரியர்காள்! மாணவர்க்கு இதனைச் சொல்லுங்கள்: அச்சுறுத்திப் பெற்ற சத்தியம் எவரையும் கட்டாது, வாக்குச்சீட்டு மறைவாக இடப்படுவது, எவர்க்கும் அஞ்சாமல் இடுதற்பொருட்டே.