நம்ம தோப்புப் பாக்குதானே?

கேள்வி: "எங்களுக்கு ஒரு ஏக்கர் பாக்குத் தோப்பு இருக்கிறது. சீசனில் பாக்கு உரிக்கவும் போவேன். ஏழாவது படிக்கும் மகன் கூடவே உட்கார்ந்து துண்டுப் பாக்கை வாயில் போட்டுக்கொள்கிறான். பள்ளிக்கூடம் போகும்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். கடையில் இனிப்புப் பாக்குப் பொட்டலமும் வாங்குகிறான். கொஞ்ச நாளாகக் குழம்பில் காரம் பட்டால் வாய் எரிகிறது என்கிறான். 'புகையிலைதான் கெடுதல், பாக்கு ஜீரணத்துக்கு நல்லது' என்கிறார் மாமியார். அவரும் வெற்றிலை போடுகிறவர். என்ன செய்வது?"

- ஒரு வாசகி, வாழப்பாடி வட்டாரம்

பதில்: சகோதரி, காரம் பட்டால் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. மற்றதைப் படிக்கும் முன் பையனைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவில் விடச் சொல்லுங்கள். உங்கள் விரல் அல்ல, அவன் விரல். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டோடு நின்றுவிட்டால் நாள் கடத்தாதீர்கள். கன்னத்தின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறியிருக்கிறதா? தடவினால் நார் மாதிரி தட்டுப்படுகிறதா?

புகையிலை இல்லாத பாக்கு ஒன்றும் செய்யாது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். உண்மை அதுவல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற சத்து, வாயின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவை மளமளவென்று வளர்க்கிறது. தோல் விறைத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். இதை டாக்டர்கள் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். முற்றியவர்களுக்கு ஒரு கவளம் சோறு உள்ளே போவதே பாடு. அப்படி இறுகிய வாய் பழையபடி முழுதாகத் திரும்புவது அரிது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். எரிச்சல் என்பது பெரும்பாலும் இதன் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால்தான் லாபம்.

இனிப்புப் பாக்கு இன்னும் மோசம். சர்க்கரை பல்லைச் சொத்தையாக்கும், வாசனை மறுபடி கேட்க வைக்கும். தமிழக அரசு 2013-இல் தடை செய்தது குட்காவைத்தான். இந்தப் பொட்டலங்கள் மிட்டாய்க்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. கடைக்காரர் தெரிந்தவராகத்தான் இருப்பார். "என் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க அண்ணே" என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். பாக்கோடு புகையிலையும் சேர்கிறதா என்று பையனிடம் மெதுவாக விசாரியுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம்.

அடிக்க வேண்டாம். அரிக்கோலின் பழக்கமாகிப் போகும் பொருள். விட்ட முதல் சில நாள் எரிச்சல்படுவான், தலைவலி என்பான். சட்டைப்பையில் பாக்குக்குப் பதில் சோம்போ வறுத்த கடலையோ போட்டு அனுப்புங்கள். களத்துக்கு வந்தால் உரித்த பாக்குப் பக்கம் உட்கார வேண்டாம். நீங்களும் உரிக்கும்போது ஒரு துண்டு வாயில் போடுகிறவர் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். தோப்பை வெட்டச் சொல்லவில்லை. அது உங்கள் வருமானம், அதைப் பற்றிய பேச்சு வேறு.

இந்த வாரமே சேலம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய்ப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். "பல் கறை" என்று சொல்லாமல், "பாக்கு போடுகிறான், காரம் எரிகிறது" என்றே சொல்லுங்கள். கறையைத் தேய்த்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெற்றிலை அடக்கும் பக்கத்தில் இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ, வெள்ளைப் படலமோ, சிவந்த திட்டோ இருந்தால் அதே மருத்துவரிடம் அன்றைக்கே காட்டிவிடலாம்.