பொத்தானுக்கும் பொறுப்பு உண்டு

2018 ஜூலை 1 அன்று, குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே மாதம் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அவ்வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. அவற்றின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததென அந்நிறுவனமே அறிவித்தது. மக்களின் ஊடக அறிவு அதற்குள் வளர்ந்துவிடவில்லை, வடிவமைப்புதான் மாறியது. ஆயினும் இணையப் பேச்சின் தரம் குறித்த விவாதங்களில், ஆய்வரங்குகளிலும்கூட, பழி பயனர்மீதே விழுகிறது.

பகிர்வைப் போலவே பதிலையும் தாமதப்படுத்தலாம். டெலிகிராமில் 2019 முதல், ஒருவரின் இரு பதிவுகளுக்கிடையே ஒரு மணி நேரம்வரை இடைவெளி விதிக்கக் குழு நிர்வாகிக்கு வசதி உண்டு. ஆய்வு மாணவர் குழுக்கள் முதலில் சோதிக்க வேண்டியது அதையே. அந்த ஒரு மணி நேரத்தில், தாம் மறுக்க விரையும் கட்டுரையைச் சிலராவது திறந்து படிக்கக்கூடும்.