படியாளுக்குச் சம்பளம் எதற்கு?

போன மாசம் ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில் ஒருத்தர் சொன்னார்: "கவர்மெண்டு உத்தியோகத்துக்கு இன்னா கொறச்சல்? நாலு மணி நேர வேலை. மாசம் பொறந்தா காசு. நாங்கதான் காண்ட்ராக்டுல சாவறோம்."

சொன்னவர் வல்லக்கோட்டைப் பக்கத்துக் காலனிக்காரர். நம்ம ஆள். வண்டியில் தபால் பையை மாட்டிக்கொண்டு போன ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். அந்தப் பெண்ணும் நம்ம பெண்தான். எனக்குத் தங்கை முறை. அன்றைக்கு நான் பதில் பேசாமல் வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. காண்ட்ராக்டில் சாவது உண்மை. மற்ற பாதிக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் உட்கார்ந்திருப்பவரும், அங்கிருந்து தபால் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவரும் அரசாங்கக் கணக்கில் முழு அரசு ஊழியர் இல்லை. முன்பு இவர்களை இலாகாவுக்குப் புறத்தே இருப்பவர்கள் என்று வைத்திருந்தார்கள். 'ஈ.டி.' என்று ஊர் சொன்னது. 2001இல் 'கிராமின் டாக் சேவக்' என்று பேரை மாற்றினார்கள். சேவக் என்றால் சேவகன். பேர்தான் மாறியது, இருக்கும் இடம் மாறவில்லை. அன்றும் வெளியே, இன்றும் வெளியே. ஊருக்கு வெளியே இருந்து பழகியவர்களுக்கு இது புரியும். நாடு முழுக்க இப்படி 3.07 லட்சம் பேர் என்று 2018இல் மத்திய அரசே கணக்குச் சொன்னது.

இவர்களுக்குக் கொடுப்பதற்குச் சம்பளம் என்று பேர் கிடையாது. நேரத்தை வைத்துக் கொடுக்கும் 'படி' என்றுதான் பேர். 2018 ஜூலையில் வைத்த தொடக்க அளவு இது: கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 4 மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு 14,500. மற்ற சேவகர்களுக்கு 10,000, 12,000. இதன் மேல் பஞ்சப்படியும் ஆண்டு உயர்வும் உண்டு. இதுவும் தானாக வந்து விழுந்ததல்ல. கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. ஒன்றரை வருஷம் கிடப்பில் போட்டார்கள். 2018 மே 22இல் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு வாரம் ஓடிய பிறகுதான், ஜூன் 6இல் அமைச்சரவை தலையசைத்தது.

'படி' என்ற சொல் நமக்குப் புதுசா? 1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர், பறையர்கள் மிராசுதாரர்களிடம் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்த நிலையை அரசுக்கு எழுதினார். வல்லக்கோட்டையும் அன்று அந்த ஜில்லாதான். களத்தில் படியாளுக்கு அளந்து போட்டது கூலி இல்லை. மறுநாள் ஏர் பூட்ட உயிரோடு வருவதற்கான அளவு. அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலமும் கொடுக்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை, இன்னமும் படிதான் அளக்கிறார்கள்.

இந்தப் படிக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அரசு கொடுக்கும் படியைத் தவிர எனக்கும் என் குடும்பத்துக்கும் பிழைக்க வேறு வருமானம் இருக்கிறது என்று சேவகர் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். இது யாரை மனசில் வைத்துப் போட்ட விதி? வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்து வாத்தியாரிடமும் கடைக்காரரிடமும் தபால் பையைக் கொடுத்து, இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்றார்கள். அவர்களுக்கு வீடு இருந்தது, திண்ணை இருந்தது, வேறு வரும்படி இருந்தது. தபாலாபீஸ் அதற்கு மேல் ஒரு கௌரவம். இன்றைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து, இடஒதுக்கீட்டோடு ஆள் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். திண்ணை இல்லாதவள் வந்து உட்கார்ந்த பிறகும், திண்ணைக்காரனுக்குப் போட்ட விதி அப்படியே இருக்கிறது.

வல்லக்கோட்டையைச் சுற்றி வேறு பிழைப்பு எது, சொல்லுங்கள். நிலம் ஏக்கர் ஏக்கராகச் சிப்காட்டுக்குப் போனது. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு. அதே நிலத்தில் நடவு நட்டு அறுப்பு அறுத்த எங்கம்மா மாதிரிப் பெண்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் பேர் இல்லை. மிச்சம் கம்பெனி. அங்கே ஷிப்டு எட்டு மணி நேரம். "தபால் குடுத்துட்டு மத்தியானமா வரேன்"னு சொன்னால் எந்த கேட்டில் உள்ளே விடுவான்?

கணக்குக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ஏழாவது ஊதியக் குழு, இலாகாவின் கடைசி நிலை ஊழியருக்கு வைத்த அடிப்படைச் சம்பளம் 18,000. அது எட்டு மணி நேரத்துக்கு. நாலு மணி நேரத்துக்கு 12,000 என்றால் சேவகருக்குத்தானே அதிகம் என்பார்கள். நாலு மணி நேரம் என்பது நிஜமாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை தபாலுக்கு, இத்தனை கணக்குக்கு இவ்வளவு நேரம் என்று காகிதத்தில் கூட்டி வருவதுதான் அந்த நாலு மணி. என் தங்கையுடையது ஒற்றை ஆள் ஆபீஸ். பணம் வாங்குவதும் அவள்தான், தபால் கொடுப்பதும் அவள்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஒரே கதவு எண்ணில் பத்துப் பதினைந்து பேர் தங்கியிருக்கிறார்கள். ஆதார் அட்டையும் ஏடிஎம் அட்டையும் உரியவன் கையில் போய்ச் சேர வேண்டும். பகலில் போனால் அவன் ஷிப்டில் இருப்பான். சாயங்காலம் மறுபடியும் போகிறாள். அதற்குப் பிறகு ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும், சேமிப்புக் கணக்குக்கு ஆள் பிடிக்க வேண்டும். 2018இல் அஞ்சல் வங்கியும் வந்து சேர்ந்துகொண்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. வாங்கியதற்குக் கணக்கு எழுதினால்தானே மேலே காசு கொடுக்க வேண்டும்!

இன்னொன்று. ஆபீஸ் நடத்த இடமும் போஸ்ட்மாஸ்டரே பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கு ஆணை வந்த கையோடு என் தங்கை ஊருக்குள் வீடு தேடினாள். அது எந்த ஊர் என்று நான் சொல்லப் போவதில்லை, எந்த ஊராக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். "நீ நல்ல பொண்ணுதாம்மா, ஆனா வூட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார் ஒருத்தர். வாடகைக்குப் பலகை மாட்டியிருந்த இன்னொருத்தர், "கொடுத்தாச்சே" என்றார். கடைசியில் காலனியில், எங்கள் சித்தி வீட்டு முன்னறையில் ஆபீஸ் வைத்தாள். ஆறு மாசம் ஊர்த்தெருக்காரர்கள் ஒருத்தரும் காலனிக்குள் கால் வைக்கவில்லை. வரவு குறைந்தால் வேலைப்பளு குறைவு, வேலைப்பளு குறைந்தால் படியும் குறைவு. ஊர் காட்டும் தீண்டாமை அவள் படிக்கணக்கில் போய் விழுகிறது. இடத்தை ஊழியர் தலையில் கட்டிய விதிக்குச் சாதி தெரியாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இவர்கள் வகிப்பது மத்திய அரசின் சிவில் பதவிதான், விசாரணை இல்லாமல் நீக்க முடியாது என்று 1977இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2019இல், சேவகராக உழைத்த வருஷங்களைப் பின்னால் கிடைக்கும் நிரந்தர வேலையின் பென்ஷனுக்குச் சேர்க்க முடியாது என்றது. தண்டிக்கும்போது அரசு ஊழியர், கிழவியாகி வீட்டுக்குப் போகும்போது வெளியாள்.

இது தபாலோடு நிற்கவில்லை. நம் ஊராட்சிகளில் குப்பை அள்ளும் தூய்மைக் காவலருக்கு மாசம் 3,600 ரூபாய் கொடுத்து வந்து, 2022இல் 5,000 ஆக்கினார்கள். அதற்குப் பேர் 'மதிப்பூதியம்'. மதிப்பு எங்கே இருக்கிறது, ஊதியம் எங்கே இருக்கிறது? 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியாரிடம் எங்களைத் தள்ளிவிடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நடு ராத்திரியில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். சம்பளம் என்ற சொல்லைத் தவிர்க்க அரசு எத்தனை சொல் வைத்திருக்கிறது பாருங்கள்: படி, மதிப்பூதியம், தொகுப்பூதியம். யார் வேலைக்கு இந்தச் சொற்கள் வருகின்றன, யார் வேலைக்கு வருவதில்லை என்று ஒரு பட்டியல் போட்டால் போதும்.

மராட்டிய மண்ணில் மகர்கள், வதன் நிலத்துக்கும் ஊர் போடும் தானியத்துக்கும் ராப்பகல் பார்க்காமல் அரசு வேலை செய்தார்கள். அந்த முறையை மாற்ற 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் பாபாசாகேப் அம்பேத்கர். அரசு வேலை வாங்கினால் அதற்கு முறையான ஊதியம் கொடு என்பதுதான் அதன் சாரம். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகிறது. அதே கேள்வியோடு நிற்கிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இரக்கம் அல்ல. 'வேறு வருமானம்' என்ற உறுதிமொழியை விதியிலிருந்து எடு. ஆபீசுக்கான இடத்தை அரசு கொடு, பொதுக் கட்டிடத்தில் கொடு. உண்மையில் உழைத்த நேரத்தை எண்ணி எட்டு மணி நேர ஊழியராக எடுத்துக்கொள். உழைத்த எல்லா வருஷத்துக்கும் பென்ஷன் கொடு. படி என்று எழுதாதே, சம்பளம் என்று எழுது.

டீக்கடை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் சங்கம் கேட்டு 37 நாள் வெளியே நின்றார்களே, அப்போது "இவனுங்களுக்கு இன்னா கொறச்சல்"னு சொன்னவர்களையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களைக் காண்ட்ராக்டில் வைத்திருக்கிறவன் தைரியம் எங்கிருந்து வருகிறது? அரசாங்கமே இப்படித்தான் வைத்திருக்கிறது என்பதிலிருந்தும்தான் வருகிறது. அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வந்தால் உங்கள் கூலி குறையாது. அடுத்த தடவை அவள் வண்டி அந்தப் பக்கம் வரும்போது, எத்தனை மணிக்குக் கிளம்பினாய், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாய் என்று அவளிடமே கேளுங்கள்.